ஜெனித்தில் தலைவர் மாறும்போதெல்லாம் வாட்சும் மாறுகிறதே, ஏன்?

நொடிமுள்:
சுவிஸ் வாட்ச் கம்பெனியான ஜெனித்தை ரொம்ப நாளாகக் கவனிக்கிறேன். 2001ல் தியரி நத்தாஃப் வந்ததும் டயலில் ஜன்னல் திறந்து உள்ளே துடிப்பதைக் காட்டும் மாடல்கள், அப்புறம் டிஃபை எக்ஸ்ட்ரீம் மாதிரி முரட்டு வாட்சுகள், விலையும் எகிறிவிட்டது. 2009ல் டுஃபூர் வந்து அவற்றை ஓரங்கட்டி, பழைய சாயலில் அடக்கமானவற்றைக் கொண்டுவந்தார், 2014ல் ரோலக்ஸுக்குத் தலைவராகப் போய்விட்டார். 2017ல் ஜூலியன் தோர்னார், 2024ல் பெனுவா டி க்ளெர்க். 1865ல் தொடங்கிய கம்பெனிக்கு இது நல்லதா?

கீழவீதி:
தலைவரை விட முதலாளி யார் என்று பாருங்கள். 1971ல் ஜெனித்தை வாங்கியது சிகாகோவின் ரேடியோ, டிவி கம்பெனி. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுதான் எதிர்காலம் என்று நம்பி, 1975ல் மெக்கானிக்கல் மூவ்மென்ட், அதாவது ஸ்பிரிங்கில் ஓடும் உள் இயந்திரம், செய்வதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். எல் ப்ரிமெரோ என்ற ஸ்டாப்வாட்ச் மூவ்மென்டைச் செய்யும் அச்சுகளும் கருவிகளும் பழைய இரும்புக்குப் போக வேண்டியவை. லெ லோக்ல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த சார்ல்ஸ் வெர்மோ அவற்றைப் பரணில் ஒளித்து வைத்து, எதை எப்படிச் செய்வது என்று எழுதியும் வைத்தார். 1978ல் கம்பெனி மறுபடி சுவிஸ் கைக்கு வந்தது, 80களில் அந்தக் கருவிகளை இறக்கித்தான் உற்பத்தியைத் தொடங்கினார்கள். 1988 முதல் 2000 வரை ரோலக்ஸின் டேடோனா வாட்சுக்குள் ஓடியது அந்த மூவ்மென்டை அடிப்படையாகக் கொண்டதுதான். 1999ல் பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமமான எல்விஎம்ஹெச் வாங்கியபோது கைக்குக் கிடைத்த பெரிய சொத்தும் அதுவே.

மணிக்கூண்டு:
கீழவீதி சொல்வது சரி, ஆனால் மூவ்மென்ட் மட்டும் இருந்தால் போதாது, அதை என்ன செய்வது என்று தெரிந்தவர் வேண்டும். எல் ப்ரிமெரோ 1969லேயே மணிக்கு 36,000 துடிப்பு, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கை அளக்கும். ஆனால் ஸ்டாப்வாட்ச் முள் 60 நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் கட்டியிருப்பவர் கண்ணுக்கு அது எங்கே தெரியும்? டுஃபூர் காலத்தில், 2010ல், ஸ்ட்ரைக்கிங் டென்த் என்ற மாடலில் அந்த முள்ளைப் பத்து நொடிக்கு ஒரு சுற்று ஓடவிட்டார்கள். 2021ல் தோர்னார் அதே யோசனையை க்ரோனோமாஸ்டர் ஸ்போர்ட்டுக்குக் கொண்டுவந்தார். முந்தையவர் செய்ததைத் தூக்கி எறியாமல் வளர்த்த இந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். நத்தாஃப் காலத்தில் அந்தப் பொறுமை இல்லை.

நொடிமுள்:
அப்படியானால் இப்போதைய தலைவர்? 160வது ஆண்டுக்கு 2025ல் ஜி.எஃப்.ஜே. என்ற மாடல் வந்தது, உள்ளே புதுப்பித்த 135 காலிபர் என்ற மூவ்மென்ட். 1950 முதல் 54 வரை சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் வானாய்வகம் நடத்திய நேரத் துல்லியப் போட்டியில் தொடர்ந்து ஐந்து முறை முதல் பரிசு வாங்கிய வம்சம் அது. பார்த்ததும் மனசு நிறைந்தது.

மணிக்கூண்டு:
எனக்கும்தான். ஆனால் பிளாட்டினத்தில் 160 வாட்சுதானே, அதை வைத்து எதுவும் முடிவுகட்ட முடியாது. 135 எப்போது சாதாரண ஸ்டீல் கேஸில், வழக்கமான வரிசையில் வருகிறது என்று பாருங்கள். அங்கேதான் அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று தெரியும்.