நேரில் செல்லும் முன் வீடு விற்பவரிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

சேலையூர்த் தரகர் (கேள்வி):
வணக்கம். தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பகுதிகளில் பழைய வீடுகளையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் விற்றுக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். இணையத்தில் விளம்பரம் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து விற்பவர்களின் அழைப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டைப் பார்த்து, படம் எடுத்து, வாங்கும் பார்ட்டியையும் அழைத்துச் சென்ற பிறகுதான் "தங்கையிடம் இன்னும் பேசவில்லை" என்றோ "இப்போது என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டோம்" என்றோ சொல்கிறார்கள். முதல் தொலைபேசிப் பேச்சிலேயே இவர்களை அடையாளம் காண வழி உண்டா? பத்திர நகலை அனுப்பச் சொன்னால் பலர் பேச்சையே முறித்துக்கொள்கிறார்கள்.

முன்னாள் ஆவண எழுத்தர்:
முகம் தெரியாதவருக்குப் பத்திர நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தயங்குவது நியாயமே. ஆகவே நகலைக் கேட்க வேண்டாம். ஆவண எண், பதிவான ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் ஆவண எண்ணைக் கொண்டு தேடினால் சர்வே எண் கிடைத்துவிடும். பிறகு கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்து வில்லங்க விவரத்தை, அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை, கட்டணமின்றிப் பார்வையிடலாம். அதில் வீடு கடைசியாகக் கைமாறிய பதிவின் "எழுதி வாங்கியவர்" பத்தியில் இருக்கும் பெயரும், உங்களை அழைத்தவர் சொன்ன பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால், வீட்டைப் பார்ப்பதற்கு முன் பேச வேண்டியது அதைத்தான்.

பத்திரத்தில் இருப்பவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால், "அப்பா உயில் ஏதும் எழுதி வைத்திருக்கிறாரா? யார் யார் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்?" என்று கேளுங்கள். இந்துக் குடும்பத்தில் தந்தை தாமே சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருக்கும் அவருடைய தாய் ஆகியோருக்குச் சமபங்கு உண்டு. மகளுக்குத் திருமணமாகிவிட்டது என்பதால் அது போய்விடாது. "அக்காவுக்குச் சீர் செய்தாயிற்று, அவள் ஒன்றும் கேட்கமாட்டாள்" என்ற பதில் வந்தால், அந்த அக்கா தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா, அல்லது கிரயப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்திடுவாரா என்று தெரியும்வரை புறப்பட வேண்டாம். உரிமையாளருக்குப் பதிலாக விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரம் வைத்திருப்பவர் பேசினால், பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி. பொதுவாக அவர் இறந்ததும் அந்த அதிகாரமும் முடிந்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பதியாத உயிலும், நீதிமன்றத்தில் நடக்கும் பல வழக்குகளும் வில்லங்கச் சான்றில் தெரியாது. அவற்றை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

மேற்கு மாம்பலம் தரகர்:
ஐயா சொன்னது சட்டப்பக்கம். என் அனுபவத்தில், "ஏன் விற்கிறீர்கள், பணம் எந்த மாதத்துக்குள் தேவை?" என்ற கேள்விக்கு வரும் பதிலே பாதியைச் சொல்லிவிடும். கல்யாணம், வேறு வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் என்று ஏதோ ஒரு கெடு இருப்பவர் விற்பார்; "நல்ல விலை வந்தால் பார்க்கலாம்" என்பவரின் எண்ணைக் குறித்துக்கொள்வதோடு நிறுத்திவிடுவேன்.

விற்பவர் வெளிநாட்டில் வசிக்கிறாரா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். உள்நாட்டில் வசிப்பவரின் வீடு 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ விலைபோனால், வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் பிடித்தம் அதைவிடப் பல மடங்கு. அதைக் குறைக்க வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். கிரய நாளன்று இது தெரியவந்தால் பார்ட்டி ஓடிவிடும்.

தொகையில் பெரும்பகுதி ரொக்கமாகத்தான் வேண்டும் என்பவரையும் தொலைபேசியிலேயே விட்டுவிடுங்கள். வீட்டு விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினாலே, வாங்கிய அளவுக்கு அபராதம் விழ இடமுண்டு.

வீடு விற்றவள்:
தரகர்கள் பேசுவதைப் படித்ததால் விற்பவர் தரப்பிலிருந்து ஒரு சொல். பெரும்பாலான தரகர்கள் கமிஷன் எவ்வளவு என்று சொல்லாமல், காவல் நிலைய விசாரணைபோல் எங்களைக் குடைந்தார்கள். கடைசியில் விற்றுக் கொடுத்தவர் மட்டும், "வாங்குபவர் அனேகமாக வங்கிக் கடனில்தான் வருவார், வங்கியின் வக்கீல் நாளை கேட்கப்போவதையே இன்று கேட்கிறேன்" என்று முதலில் விளக்கினார். அதன்பின் ஆவண எண்ணைத் தேடி எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. என் மாமியாரைப் போன்ற முதியவர்களுக்கு அந்த எண் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவர்களைத் தட்டிக் கழித்துவிடாமல், வீட்டில் இருக்கும் இளையவரிடம் பேசிப் பாருங்கள்.

சேலையூர்த் தரகர்:
மூவருக்கும் நன்றி. வங்கிக் கடன் முடிந்துவிட்டது என்று விற்பவர் சொல்கிறார், ஆனால் வில்லங்கத்தில் அடமானம் அப்படியே இருக்கிறது. இவரை ஒதுக்கிவிடலாமா?

முன்னாள் ஆவண எழுத்தர்:
ஒதுக்க வேண்டாம். கடனைக் கட்டிய பலர், அசல் பத்திரங்கள் கைக்கு வந்தவுடன் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். வங்கியிடம் ரசீது பத்திரம் எழுதி வாங்கிப் பதிந்தால்தான் கடன் தீர்ந்தது வில்லங்கத்தில் ஏறும். அசல் பத்திரம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அவரிடமே இருந்தால் வங்கிக்குப் போய் ரசீது பத்திரத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் வீட்டைப் பார்க்கப் புறப்படலாம்.