ஏற்காடு ஆரஞ்சு புட்டிங் திரியுது, பிஸ்கட் நமுக்குது: வழி சொல்லுங்க

வணக்கம். அவன்ல வேகவைக்கிற ஆரஞ்சு புட்டிங்குக்கு யோசனை வேணும். பால் 400 மி.லி., முட்டை 3, கூடுதலா மஞ்சள்கரு 2, சர்க்கரை 90 கிராம், 2 கமலாப் பழத்தோட தோல் துருவல். (தோல் தளர்வா இருக்கும், உரிச்சப்புறம் துருவ வராது; முழுப் பழமாவே துருவணும். வெள்ளைப் பகுதி விழுந்தா கசக்கும்.) 150 டிகிரி, கிண்ணத்தோட பாதி உயரத்துக்கு வெந்நீர், சுமார் 35 நிமிஷம். நடுவுல லேசா ஆடும்போதே எடுத்துடறது.

இதுவரை சரி. சாறு 60 மி.லி. சேர்த்தா புளிப்புல ஓரம் திரிஞ்சு தண்ணி விடுது. சாறைப் பாதியா வத்தவச்சா வாசனை போயிடுது. பாதிப் பாலுக்குப் பதிலா ஃப்ரெஷ் க்ரீம் ஊத்தினா தாங்குமா? கார்ன்ஃப்ளார் வேண்டாம், மாவு ருசி வந்துடும்.

தொட்டுக்க மசாலா பிஸ்கட்: மைதா 150 கிராம், வெண்ணெய் 75, நாட்டுச்சர்க்கரை 75, சுக்கு, பட்டை, கிராம்பு, கொஞ்சம் மலை மிளகு. 3 மி.மீ. கனம், 170 டிகிரி, 12 நிமிஷம். சேலத்து வெயில்ல மொறுமொறுன்னு நிக்குது. ஏற்காட்டுப் பனிமூட்டத்துல மதியத்துக்குள்ள நமுத்துடுது. நாட்டுச்சர்க்கரை ஈரம் இழுக்கும்னு தெரியும். பாதி வெள்ளைச் சர்க்கரை மாத்தினவங்க இருக்கீங்களா? நிறம் எப்படி வந்துச்சு? 120 டிகிரியில ரெண்டாவது தடவை காயவைக்கிறவங்க எத்தனை நிமிஷம் வைக்கிறீங்க?