8,000 ரூபாயில் கம்ப்யூட்டர் ஆடியோ: காசு எங்கே போகணும், இரைச்சல் எங்கிருந்து வருது?

ஈயப்பற்று:

ஸ்பீக்கரும் ஹெட்போனும் மேசைக்கு வந்த பிறகு என்னென்ன கெடுகிறது, ஏன் கெடுகிறது, எப்படிச் சரியாகிறது என்பதை மட்டும் இந்தத் திரியில் நாலு பேரும் போடுவோம். ‘எந்த மாடல் நல்ல மாடல்’ என்கிற பட்டியல் ஆறு மாதத்தில் ஊசிப்போகும். பழுதுகள் மாறுவதே இல்லை.

முதலில் காசு. கையில் 8,000 ரூபாய் என்றால் டிஏசிக்கும் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) தனி சவுண்ட் கார்டுக்கும் ஒரு பைசா ஒதுக்காமல் தொடங்குங்கள். பத்து வருடப் பழைய மதர்போர்டில் இருக்கும் ரியல்டெக் சிப்கூட, பின்பக்கப் பச்சை ஜாக்கிலிருந்து எடுத்தால், இந்த விலையில் கிடைக்கும் எந்த ஸ்பீக்கரை விடவும் சுத்தமாகத்தான் ஒலியைக் கொடுக்கும். கெடுப்பது பெரும்பாலும் கேபினட்டின் முன்பக்க ஜாக். அதற்குப் போகும் ஒயர் பலவற்றில் கவசம் இல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு போகிறது. கேம் ஓடும்போது ‘கீச்’ என்று கேட்டால் முதல் வேலை பிளக்கைப் பின்பக்கம் மாற்றுவதுதான். செலவு பூஜ்யம்.

ராத்திரி சத்தம் போட முடியாத வீடு, ஒரே அறையில் நாலு பேர் என்றால் 5,000-ஐ ஹெட்போனில் போட்டு மீதியில் சின்ன யூஎஸ்பி ஸ்பீக்கர். தனி அறை இருந்தால் தலைகீழாக. இரண்டிலும் நாலாயிரம் நாலாயிரமாகப் பிரித்தால் இரண்டுமே சுமாராக அமையும்.

காதுமடல்:

ஹெட்போன் பக்கம் ஒரு விஷயம் யாருமே சொல்வதில்லை: சீலிங் ஃபேன். பிலிப்ஸ் எஸ்எச்பி9500 மாதிரி பின்பக்கம் திறந்த ஹெட்போன்களை உலகமே புகழும், நியாயம்தான். ஆனால் அது வெளிச்சத்தத்தை அப்படியே உள்ளே விடும். ஃபேன் ஐந்தில் ஓடும் அறையில் மெல்லிய ஒலிகள் எல்லாம் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும், அதற்காக வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவோம். நம் ஊர் கோடைக்கு மூடிய வகைதான் சரி, ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ் மாதிரி. அதில் இன்னொரு வசதி: மின்தடை 47 ஓம்தான், லேப்டாப் ஜாக்கே தாராளமாக ஓட்டும்.

மூடிய வகையின் வில்லன் வியர்வை. காதுமெத்தையின் ரெக்சின் தோல் ஈரப்பதத்தில் இற்று, கருப்புச் செதில் செதிலாகக் கன்னத்தில் ஒட்டும். அதனால் வாங்கும் முன் மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காத ஹெட்போன் இரண்டு வருடச் சாமான்தான். துணி மெத்தைக்கு மாறினால் காதுக்கு இதம், ஆனால் அடைப்பு குறைவதால் பேஸ் கொஞ்சம் இறங்கும். ‘மெத்தை மாத்துனதும் ஹெட்போன் கெட்டுப்போச்சு’ என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

மேசைமூலை:

ஸ்பீக்கர் பெட்டியில் ‘2000 வாட் பிஎம்பிஓ’ என்று இருந்தால் அந்த எண்ணைத் துடைத்துவிட்டுப் படிங்க. அது எந்த அளவீட்டுக்கும் கட்டுப்படாத விளம்பர எண். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று மட்டும் கேளுங்க.

யூஎஸ்பியிலேயே மின்சாரமும் எடுக்கும் ஸ்பீக்கருக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். நீல நிற 3.0 போர்ட் 0.9 ஆம்பியர், 4.5 வாட். உள்ளே போவதே இவ்வளவுதான் என்றால் வெளியே 20 வாட் எங்கிருந்து வரும்? கிரியேட்டிவ் பெப்பிள் தன் முதல் மாடலுக்கு 4.4 வாட் என்றுதான் போட்டது. நேர்மையான எண். மேசையில் ஒரு கை தூரத்தில் உட்கார்பவருக்கு அது போதும். ஹாலை நிரப்பாது.

வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று காது உணர ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேணும். அதனால் 20 வாட்டா 24 வாட்டா என்று மண்டையை உடைக்காதீங்க. கூம்பு 2 அங்குலமா 4 அங்குலமா என்பதுதான் கேள்வி. எடிஃபையர் ஆர்1280டி மாதிரி 4 அங்குல வூஃபரும் (பேஸ் தரும் கூம்பு) மரப்பெட்டியும் உள்ளவற்றில் ஆண்குரலுக்கு ஒரு நெஞ்சு இருக்கும். பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டினாலும், பழைய சாமானாகத் தேடக்கூடியது அதுதான்.

ஈயப்பற்று:

மேசைமூலை தம்பி சொன்ன யூஎஸ்பி ஸ்பீக்கரில் அடிக்கடி வரும் தொல்லை: மவுஸை நகர்த்தினால் ‘ஸ்ஸிக் ஸ்ஸிக்’ என்று கேட்கும், ஃபைல் காப்பி ஆகும்போது ஒரு ராகம் பாடும். ஸ்பீக்கர் பழுது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பழுதே இல்லை. மின்சாரம் யூஎஸ்பி வழியாகவும் ஒலி 3.5 மில்லிமீட்டர் ஒயர் வழியாகவும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து வருவதால் கிரவுண்டுக்கு (சிக்னல் திரும்பும் பொது ஒயர்) இரண்டு பாதைகள் அமைந்து வளையமாகிவிடுகிறது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் மின்னோட்டத்தின் சலசலப்பு ஆடியோ கிரவுண்டில் ஏறுகிறது.

வழி: யூஎஸ்பி பிளக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி ஒரு பழைய போன் சார்ஜரில் போடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அங்கேயே அடங்கிவிடும். ஒலியையும் யூஎஸ்பி வழியாகவே வாங்கும் மாடல் என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

காதுமடல்:

அண்ணே, அடித்தொண்டையில் ‘ம்ம்ம்’ என்று ஓயாமல் கேட்பது வேறதானே?

ஈயப்பற்று:

வேறு. அது கரண்டு கம்பத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ். கொஞ்சம் கரகரவென்று ‘பர்ர்’ ஆக இருந்தால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்திருக்கின்றன. எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க இப்படிப் போங்கள்.

ஸ்பீக்கரை ஆன் செய்து, ஆடியோ ஒயரைக் கம்ப்யூட்டரில் மட்டும் பிடுங்கி, அதைப் போனில் செருகுங்கள். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது. இரைச்சல் அப்படியே இருந்தால் ஸ்பீக்கரின் சொந்தச் சத்தம். உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டர் உப்பியிருக்கலாம். நின்றுபோனால் வளையம். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினாலே தெரிந்துவிடும். டெஸ்க்டாப்பை எச்டிஎம்ஐ வழியாக டிவியோடு இணைத்திருந்தால், செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி ஒயரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். தெருக் கம்பத்திலிருந்து வரும் அந்த ஒயரின் கவசம் இன்னொரு எர்த்தைக் கொண்டு வந்து சேர்த்திருக்கும்.

கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுவது முதல் மருந்து. அடங்கவில்லையா, 3.5 மில்லிமீட்டர் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்றை இடையில் போடுங்கள். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். மலிவானதில் இரும்பு சின்னது, அதனால் ஆழ்ந்த பேஸ் கொஞ்சம் மெலியும். 4 அங்குல ஸ்பீக்கரில் அது பெரிதாகத் தெரியாது. ஸ்பீக்கரில் ஆப்டிகல் உள்ளீடும் மதர்போர்டில் ஆப்டிகல் வெளியீடும் இருந்தால் தொல்லையே இல்லை. ஒளிக்கு ஏது எர்த்.

எக்காரணம் கொண்டும் மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை வெட்டாதீர்கள். இரைச்சல் நிற்கும். ஒருநாள் உயிரும் நிற்கும்.

ரிச்சிதெரு வாசி:

எர்த் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கணும். வாடகை வீடுகளில் பல பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. கேபினட்டை வெறுங்காலோடு தொட்டால் கையில் குறுகுறுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) நுழைவில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, கேபினட்டின் உடலோடு சேர்த்துக் கட்டிய இரண்டு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அந்த உடல் 230-இல் பாதியில், 115 வோல்ட் பக்கம் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆனால் ஸ்பீக்கரில் ஹம் வர அது தாராளம். இதற்கு ஐசோலேட்டர் வாங்குவது வீண். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்க.

அடுத்து, சோல்டரிங் தெரிந்தவர்களுக்கு. பழுதான ஹோம் தியேட்டரின் ஸ்பீக்கர்கள் பரணில் கிடந்தால் புதுசு வாங்கவே வேண்டாம். டிபிஏ3110 சிப் உள்ள ஆம்ப் (ஒலிபெருக்கும்) பலகை ஒன்று, பழைய லேப்டாப் அடாப்டர் ஒன்று. பலகை 8 முதல் 26 வோல்ட் வரை தாங்கும். ஸ்பீக்கர் பின்னால் 8 ஓம் என்றிருந்தால் 19 வோல்ட் அடாப்டரே போகலாம். 4 ஓம் என்றால் 12 வோல்ட்டோடு நிறுத்துங்க, இல்லையென்றால் சிப் சூடேறித் தானாக அணைந்து அணைந்து ஓடும்.

5 வோல்ட் பிஏஎம்8403 பலகை இன்னும் மலிவு, ஆனால் இரண்டு இடத்தில் சொதப்புகிறார்கள். ஒன்று, இடது வலது ஸ்பீக்கர்களின் மைனஸ் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடுவது. இது பிரிட்ஜ் வகை. மைனஸ் என்பது கிரவுண்ட் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. சேர்த்தால் சிப் போச்சு. இதே காரணத்தால் அதில் ஹெட்போன் ஜாக்கும் வைக்கக் கூடாது, ஹெட்போனில் கிரவுண்ட் பொது. இன்னொன்று, மின்சாரக் கால்களுக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடாமல் விடுவது. பேஸ் அடிக்கும்போதெல்லாம் வோல்ட் இறங்கி டப்பென்று கேட்கும்.

ஒயர் கொடுக்கும்போது ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு கருப்பு மாறிவிட்டால் பேஸ் காணாமல் போகும், பாடுபவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்துவிடுவார். சந்தேகம் வந்தால் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்க. பேஸ் எதில் கூடுகிறதோ அதுதான் சரி.

காதுமடல்:

பாடுபவர் காணாமல் போகும் இன்னொரு கேஸ்: இசை மட்டும் எதிரொலியோடு கேட்கும், குரல் இருக்காது. ஹெட்போன் பிளக் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது அதன் கிரவுண்ட் ஒயர் அறுந்துவிட்டது. கிரவுண்ட் இல்லாதபோது இரண்டு காதும் தொடராகச் சேர்ந்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். குரல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றையொன்று அடித்துவிடும். மைக் உள்ள, பிளக்கில் நான்கு பகுதிகள் இருக்கும் ஹெட்செட்டை டெஸ்க்டாப்பின் மைக், ஸ்பீக்கர் என்ற தனித்தனி ஜாக்குகளில் போட, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் ஸ்ப்ளிட்டர் வேணும். இரண்டு ஹெட்போனைச் சேர்க்கும் ஸ்ப்ளிட்டரும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். முனைகளில் மைக் படம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க.

மேசைமூலை:

வைக்கும் இடம். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம முக்கோணம், ஒவ்வொரு பக்கமும் 80 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. மானிட்டருக்குப் பின்னால் ஒளிக்காதீங்க. ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்னக் கூம்பு) காதைப் பார்க்கணும். சின்ன ஸ்பீக்கர்கள் மேசையில் கிடந்து மார்பைப் பார்த்துப் பேசும், முன்பக்கம் ஒரு மரத்துண்டைக் கொடுத்து நிமிர்த்துங்க. மேசையின் முன்விளிம்புக்குக் கொண்டு வந்தால் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி குறைந்து குரல் தெளியும். பின்னால் துளை உள்ள பெட்டிக்குச் சுவரிலிருந்து ஒரு சாண் விடுங்க. மூலையில் திணித்தால் பேஸ் கும்மும். அதை ‘செம பேஸ்’ என்று ஒரு வாரம் ரசிக்கலாம், அப்புறம் தலைவலி.

காதுமடல்:

செட்டிங்கில் இரண்டே இரண்டு. விண்டோஸ் சவுண்ட் பேனலில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ தாவலில், அழைப்பு வந்தால் மற்ற ஒலியை 80 சதவீதம் குறைக்கும்படி இயல்பாகவே வைத்திருப்பார்கள். ‘ஒன்றும் செய்யாதே’ என்று மாற்றுங்க. ‘திடீர்னு பாட்டுச் சத்தம் செத்துப்போச்சு’ புகாருக்கு இதுதான் விடை.

இன்னொன்று புளூடூத். மீட்டிங்கில் நுழைந்ததும் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறதா? ஹெட்செட்டின் மைக்கைத் திறந்த உடனே அது ஸ்டீரியோ முறையை விட்டு அழைப்பு முறைக்குத் தாவி, ஒற்றைக் குரலாகிவிடும். மீட்டிங் செயலியில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் காதில் ஸ்டீரியோ அப்படியே நிற்கும்.

ஈயப்பற்று:

ஈக்வலைசர் ஏபிஓ (விண்டோஸில் பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்) போடுபவர்களுக்கு ஒரு வரி. இலவசம், நல்ல கருவி. ஆனால் எந்த அலைவரிசையையாவது 6 டெசிபல் ஏற்றினால் ப்ரீஆம்ப்பை, அதாவது மொத்த ஒலி அளவை, மைனஸ் 6-இல் வையுங்கள். இல்லையென்றால் பாட்டு உச்சிக்குப் போகும் இடத்தில் கரகரக்கும், பழி ஹெட்போன் மேல் விழும்.

மேசைமூலை:

அண்ணே, 250 ஓம் ஸ்டுடியோ ஹெட்போன் ஒன்று மலிவாக வருது என்று ஒருத்தர் தனிச்செய்தியில் கேட்கிறார். ஆம்ப் இல்லாமல் ஓடுமா?

ஈயப்பற்று:

கணக்கு போட்டுப் பாருங்க தம்பி. லேப்டாப் ஜாக் 1 வோல்ட் தருகிறது என்று வையுங்கள். வோல்ட்டின் வர்க்கத்தை, அதாவது 1-ஐ, 250-ஆல் வகுத்தால் 4 மில்லிவாட். ஹெட்போனின் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்றால் நாலு மில்லிவாட்டுக்கு 102. அது உச்சி. இப்போதைய சினிமாப் பாட்டுக்குக் காது வலிக்கும் அளவுக்குப் போதும். சத்தம் குறைவாக, மெதுவாகப் பதிவான கர்நாடகக் கச்சேரிக்கு வால்யூம் நூறில் நின்றபடி ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கும். அந்த மெதுவான பதிவுகளைத்தான் அவர் அதிகம் கேட்பார் என்றால் 32 ஓம் பதிப்பைத் தேடச் சொல்லுங்கள்.