சிறிய தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த நாள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தறிவீட்டுப் பையன்

2012-ஆம் ஆண்டு, பிளஸ் டூ முடிவு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பொறியியல் சேர்க்கைக்கான என் கட் ஆஃப் மதிப்பெண் 200-க்கு 143.5. அந்த எண்ணுக்கு, மதிப்பெண் வரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் கலந்தாய்வில் என்ன கிடைக்கும் என்று எங்கள் தெருவில் எவருக்கும் தெரியாது. தெரியும் என்று சொன்னவர் ஒருவர்தான். அவர் எங்களுக்குப் பாவு நூல் கொடுக்கும் முதலாளியின் மைத்துனர். மறுநாளே அப்பாவையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையை விட்டு விலகிச் சோளக்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு பொறியியல் கல்லூரிக்கு அழைத்துச் சென்றார்.

நேர்முகத் தேர்வு இருக்கும் என்று நம்பி முதல் நாள் இரவு முழுவதும் ஒளிவிலகல் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "மெக்கானிக்கலா, ஈ.சி.ஈ.யா?" என்று மைத்துனரைக் கேட்டார். அவரும் "மெக்கானிக்கலே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றின் அசலும் ஒரு பழுப்பு உறைக்குள் போயின. உறையின் மேல் சிவப்பு மையால் என் பெயரை எழுதினார்கள். அதிலும் இன்ஷியலைத் தவறாக எழுதினார்கள். அப்பா வேட்டி மடிப்பிலிருந்து பத்தாயிரம் ரூபாயை எடுத்து எண்ணிக் கொடுத்ததும், "தம்பிக்கு சீட்டு போட்டாச்சு" என்றார் அந்த அலுவலர். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஜூலையில் கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தபோது சான்றிதழ்களைக் கேட்டுப் போனோம். தாளாளர் வெளியூர் போயிருக்கிறார் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை, ஓராண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். அதற்கு வழியில்லாமல் அங்கேயே சேர்ந்தேன். கல்லூரியே நேரடியாக நிரப்பிக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்ததால், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவனாக இருந்தும் அரசு தரும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கிடைக்கவில்லை. தவறான இன்ஷியலை மூன்றாம் செமஸ்டரில்தான் திருத்தினார்கள். இன்று வேலையில் இருக்கிறேன், குறையொன்றும் இல்லை. ஆனாலும் ஒளிவிலகலைப் பற்றி ஒரே ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

கிண்டி டோக்கன்

நண்பரின் வருத்தம் புரிகிறது. ஆனால் கலந்தாய்வுக்குப் போயிருந்தாலும் 143.5-க்கு இதே போன்றதொரு கல்லூரிதான் கிடைத்திருக்கும் என்பதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இடைத்தரகர் செய்த வேலைக்குச் சின்னக் கல்லூரிகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவது நியாயமில்லை.

நான் 2009-இல் கலந்தாய்வுக்குச் சென்னை கிண்டிக்கு நேரில் போனவன். 2018-இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியதற்குப் பின் படித்தவர்களுக்கு அந்தக் கூடம் எப்படி இருந்தது என்று தெரிய வாய்ப்பில்லை. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பெரிய திரை ஒன்றில் கல்லூரி வாரியாகக் காலி இடங்கள் ஓடிக்கொண்டிருக்கும்; எங்கள் முறை வரும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மா கையில் வைத்திருந்த தாளில் நாங்கள் முதலாவதாக எழுதியிருந்த கல்லூரிக்கு ஐ.டி. பிரிவில் இரண்டு இடங்கள் இருந்தன. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஒன்று இருந்தது. எங்கள் பெயரை அழைத்தபோது அதுவும் போய்விட்டது. அம்மா அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, "அடுத்தது சொல்லு" என்றார்.

அடுத்ததாகக் கிடைத்த கல்லூரியின் பெயரை, அது இருந்த ஊரின் பேருந்து நிலையத்து ஆட்டோக்காரருக்கே தெரியவில்லை. அறுபது பேர் உட்கார வேண்டிய வகுப்பில் நாங்கள் இருபத்திரண்டு பேர்தான் இருந்தோம். ஆய்வகத்தில் ஆளுக்கொரு கணினி கிடைத்தது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது துறைத்தலைவரே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். பெரிய கல்லூரியில் சேர்ந்த என் நண்பனுக்கு அவனுடைய துறைத்தலைவரின் முகமே இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது.

வாசல்படி

எல்லோரும் பொறியியலைப் பற்றியே பேசுகிறீர்கள். கலைக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் கதை உண்டு.

2014-இல் பி.காம். படிக்க எங்கள் மாவட்டத்தில் உள்ள ஓர் உதவிபெறும் மகளிர் கல்லூரியில் வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்கினேன். அறிவிப்புப் பலகையில் இரண்டு பட்டியல்கள் ஒட்டியிருந்தார்கள். ஒன்று, ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கும் உதவிபெறும் பிரிவுக்கானது. மற்றது, அந்தச் சம்பளமும் மாணவிகளின் பணத்திலிருந்தே போகும் சுயநிதிப் பிரிவுக்கானது. முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டாவதில் ஒன்பதாவதாக இருந்தது. கல்லூரியும் பாடத்திட்டமும் ஒன்றுதான், கட்டணம் மட்டும் பல மடங்கு.

பணம் கட்டும் நாளில் அம்மாவின் காதில் கம்மல் இல்லை; துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தார். பேருந்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. விண்ணப்பத்தைச் சரிபார்த்த பேராசிரியைதான் கவனித்தார். கவனித்துவிட்டு, "பாதியில் கல்யாணம் பண்ணி வைக்க மாட்டீங்களே? அப்படி என்றால் இப்பவே சொல்லிடுங்க, அடுத்த பிள்ளைக்கு இடம் கிடைக்கும்" என்று கேட்டார். அம்மா, "கம்மலை மீட்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது" என்று பதில் சொன்னார். பேராசிரியை சிரித்தாரா, சங்கடப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

கோப்புக் கட்டு

என் கதை சிறியது. 2019-இல் என் தங்கை மகள் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.பி.ஏ. சேர்ந்தாள். பத்தே நாளில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. தனியார் கல்லூரியில் பணமும் தரவில்லை, சான்றிதழும் தரவில்லை. யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவிக்கையை அச்செடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். அன்று மாலையே இரண்டும் கைக்கு வந்தன.

இதைப் படிக்கும் பெற்றோருக்காகச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் கல்லூரி அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரிலேயே தெளிவாக அறிவித்துவிட்டது, தொழிற்கல்விக்கு ஏ.ஐ.சி.டி.இ. எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் இதையே சொல்கிறது. விலகும் மாணவருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது விலகும் தேதியைப் பொறுத்தது. அந்த 2018 அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே எழுதிக் கொடுத்தால் சிறிய நடைமுறைக் கட்டணம் போக முழுத்தொகையும் கிடைக்கும், தள்ளிப்போடப் போடக் குறைந்துகொண்டே வந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆகவே வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பொறியியல் என்றால், சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரி 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரி 50 விழுக்காடு இடங்களையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகிறது. முதல் பட்டதாரிச் சலுகையும், 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் கிடைக்கும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாக வருபவர்களுக்கு மட்டுமே உரியவை. மே மாதத்திலேயே அவசரப்பட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் போடுபவர்கள் இவற்றைத் தங்கள் கையாலேயே தள்ளிவிடுகிறார்கள். 'நன்கொடை' என்ற பெயரில் கேட்டால், கட்டாய நன்கொடையைத் தடுக்க இந்த மாநிலத்தில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது என்று சொல்லுங்கள். கல்விக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாமல் பேருந்து, விடுதி, சீருடை, 'இதர' என்று ஒவ்வொன்றையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த 'இதர'வில்தான் எல்லாம் ஒளிந்திருக்கும். வாசல்படி சகோதரி அடகுச்சீட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, மீட்டுவிட்டார்கள் என்று நம்புகிறேன்.

வாசல்படி

இரண்டாம் ஆண்டில் மீட்டுவிட்டோம், ஐயா.

தறிவீட்டுப் பையன்

கிண்டி டோக்கன் நண்பருக்கு ஒரு சொல். இதே போன்ற கல்லூரிதான் கிடைத்திருக்கும் என்கிறீர்கள், இருக்கட்டும். அந்தச் சோளக்காட்டுக் கல்லூரியே கிடைத்திருந்தாலும் அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்தில், சலுகையோடு கிடைத்திருக்கும். மைத்துனருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு இருந்ததை மூன்றாம் ஆண்டில் ஒரு சீனியர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் இன்றைக்கும் தீபாவளிக்கு அந்த வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறார்.

சாக்பீஸ் தூள்

நான் அந்த மேசைக்கு எதிர்ப்புறம் இருந்தவன் என்பதால் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2016-இல் ஒரு சிறிய பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்தேன். ஆளுக்கு ஐந்து சேர்க்கை கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் மே மாதச் சம்பளம் நிறுத்தி வைக்கப்படும் என்பது எங்களுக்கு வாய்மொழி உத்தரவு. துண்டறிக்கைக் கட்டை வண்டியின் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆளைத் தேடி, கடைசி வாரத்தில் ஒரு கரும்புக்காட்டு வீட்டுக்குப் போனேன். அந்தப் பையனின் அம்மா மோர் கொடுத்தார். பையன் அரசுக் கல்லூரியில் பி.எஸ்.சி. இயற்பியல் சேர விண்ணப்பம் போட்டிருந்தான். ஒரு மணி நேரம் பேசினேன். கட்டடம், பேருந்து, வேலைவாய்ப்பு என்று சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தார். பையன் வாயே திறக்கவில்லை. கடைசியில் உள்ளே போய், ஒரு ஜவுளிக்கடைப் பையில் வைத்திருந்த சான்றிதழ்களைக் கொண்டுவந்து நீட்டினான். நான் வாங்கப் போனபோது, பையை விடாமலேயே, "சார், நீங்க அங்கதான் படிச்சீங்களா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். பையை விட்டான்.

எங்கள் துறை வாசலில் ஒரு பலகை உண்டு. ஆசிரியர்களின் பெயரும், அதற்குப் பக்கத்தில் பட்டமும், பட்டம் பெற்ற கல்லூரியும் எழுதியிருக்கும். முதல் செமஸ்டரின் இரண்டாவது வாரத்தில், உணவு இடைவேளையில், அவன் அந்தப் பலகையின் முன்னால் டிபன் பாக்ஸோடு நின்று படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் வணக்கம் சொன்னான். நான்கு ஆண்டும் அப்படித்தான், எங்கே பார்த்தாலும் வணக்கம் சொல்வான்.