வாகைக் கட்டையில் நாலு மஞ்சள் பொட்டு வைத்த கருவண்டு: தென்னைக்கு ஆபத்துங்களா?

தோப்புக்காரன்:
வணக்கங்க. வேட்டைக்காரன்புதூர் பக்கம், ஆனைமலை அடிவாரத்தில் நமக்குத் தென்னந்தோப்பு. வாய்க்கால் ஓரமாக ஒரு பெரிய வாகை காற்றில் சாய்ந்து அப்படியே மக்கிக் கிடக்கிறது. இந்த மழைக்குப் பட்டை முழுக்கத் தட்டுத் தட்டாகக் காளான் வந்து, அதன் அடியில் ஒரு செ.மீ. அளவில் கருவண்டுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதுகில் நாலு மஞ்சள் பொட்டு. தொட்டால் காலை மடக்கிக்கொள்கிறது, கால் மூட்டிலிருந்து மஞ்சளாக ஏதோ கசிகிறது. இது தென்னையில் ஏறுமா? கட்டையைக் கொளுத்திவிடச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன்.

மலையோரம்:
கொளுத்திடாதீங்க! நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு யூமார்ஃபஸ் என்ற பூஞ்சை தின்னும் வண்டு வகைதான் பொருந்துகிறது. உணர்கொம்பின் நுனி தட்டையாக, கதாயுதம் மாதிரித் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டு, புழு இரண்டுக்குமே பூஞ்சைதான் சாப்பாடு, பச்சை மரத்தைக் கடிக்காது. அந்த மஞ்சள் நீர் எதிரியை விரட்டத்தான். காட்டில் விழுந்த மரத்தை மண்ணாக்குவது பூஞ்சை, அதை நம்பிப் பிழைப்பவை இவை. அடிவாரத்தில் இப்படி ஒரு கட்டை மக்க விடுவதே பெரிய விஷயம்ங்க.

பச்சைமட்டை:
சரி, ஆனால் பக்கத்தில் செத்த தென்னங்கட்டை கிடக்கிறதா? பயப்பட வேண்டியது அதற்குத்தான். காண்டாமிருக வண்டு முட்டை வைப்பது மக்கிய தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும். அதன் புழு வெள்ளையாக, கட்டைவிரல் தடிமனில், சுருண்டு கிடக்கும். வளர்ந்த வண்டுதான் குருத்தைக் குடைகிறது, அப்புறம் மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டியது போல முக்கோணமாகத் தெரியும். சிவப்புக் கூன்வண்டு வேறு கதை, அதன் புழு உயிருள்ள மரத்துக்குள்ளேயே இருக்கும்.

தோப்புக்காரன்:
உணர்கொம்பு நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது அண்ணா. தென்னங்கட்டையும் கிடக்கிறதுங்க, எருக்குழிக்குப் பக்கத்திலேயே.

பச்சைமட்டை:
அதை முதலில் பிளந்து பார்த்து, புழுவைப் பொறுக்கி அழித்துவிட்டுக் கட்டையை அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை கலந்து விடலாம், ஈரம் இருந்தால் நன்றாகப் பிடித்துப் புழுவைக் கொல்லும்.

மலையோரம்:
வாகைப் பக்கம் மருந்து மட்டும் அடிக்காதீங்க தம்பி. முடிந்தால் காளானின் அடிப்பக்கத்தையும் சேர்த்து ஒரு படம் போடுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.