என்இ5532 போட்ட சிமாய்: ஹெட்போன் செருகியதும் கரகரப்பு. இதையே சரிசெய்யலாமா, வேறு ஆம்ப் கட்டலாமா?

மதன்
9 வோல்ட் பேட்டரி ஒன்றில் ஓடும் சிமாய் ஹெட்போன் ஆம்ப், டாட் போர்டில் கட்டியது. ஓபிஏ2134 ஆப்-ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்கும் ஐசி) கிடைக்காததால் அதே சாக்கெட்டில் என்இ5532. மற்றதெல்லாம் வழக்கமான வரைபடம்தான்: உள்ளே வரும் வழியில் 0.1 மைக்ரோஃபாரட், அதையடுத்து கிரவுண்டுக்கு 100கே, ஃபீட்பேக்கில் 10கே, 1கே. பேட்டரியை இரண்டாகப் பிரிக்க இரண்டு 4.7கே, இரண்டு 220 மைக்ரோஃபாரட்.

ஹெட்போன் இல்லாமல் அளந்தால் ரெயில் (ஐசிக்குப் போகும் பிளஸ், மைனஸ் சப்ளை) +4.4, −4.4 வோல்ட். ஆனால் இரண்டு சேனல் அவுட்புட்டிலும் −210 மில்லிவோல்ட் டிசி நிற்கிறது. 32 ஓம் ஹெட்போனைச் செருகினால் ரெயில் +7.2, −1.6 ஆகிவிடுகிறது, பாட்டு கிழிகிறது. ஐசி போலியா? அடுத்து 300 ஓம் ஹெட்போன் ஒன்றும் வாங்கப்போகிறேன். போன் டாங்கிளில் இருந்து 1 வோல்ட் வரை வரும். இரண்டு ஹெட்போனுக்கும் ஒத்துவரும் ஆம்ப் எது?

கலா
முதலில் ஹெட்போனைக் கழற்றி வைங்க மதன். அந்த டிசி காயிலுக்கு நல்லதில்லை.

ஐசி போலி இல்லை, ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. என்இ5532இன் உள்முனை பைபோலார் டிரான்சிஸ்டர். ஒவ்வொரு முனையும் சுமார் 200 நானோஆம்பியர் இழுக்கும். அது 100கே வழியாக வந்தால் 20 மில்லிவோல்ட் மைனஸ். உங்கள் கெயின் (பெருக்கும் மடங்கு) 11. பெருக்கிப் பாருங்க, −220. நீங்கள் அளந்தது கிட்டத்தட்ட அதேதான். ஓபிஏ2134இல் உள்முனை ஃபெட், வேறு வகை டிரான்சிஸ்டர். இழுப்பது பிக்கோஆம்பியர் கணக்கு. 100கே அதற்கென்று போட்ட மதிப்பு. காலுக்குக் கால் பொருந்துவதால் மட்டும் ஐசியை மாற்றிப் போட முடியாது.

ரெயில் சாய்வதற்கும் காரணம் இந்த டிசிதான். இரண்டு 4.7கே சேர்ந்து செய்த கிரவுண்டில் 1 மில்லிஆம்பியர் இழுத்தாலே 2.35 வோல்ட் நகர்ந்துவிடும். 220 மைக்ரோஃபாரட் பாட்டின் அலையைத் தாங்கும், நிலையான டிசியைத் தாங்காது.

மாற்ற வேண்டியவை, ஒரு சேனலுக்கு:
100கே → 22கே
0.1 → 1 மைக்ரோஃபாரட், ஃபிலிம் வகை (22கே உடன் 7 ஹெர்ட்ஸில் வெட்டும், பாஸ் குறையாது)
10கே → 2.2கே (கெயின் 3.2)

இப்போது டிசி −14 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கும். 1 வோல்ட் டாங்கிளுக்கு 11 மடங்கு கெயின் தேவையே இல்லை. வால்யூம் குமிழை முதல் கால்வாசிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டியிருக்கும், அங்கேதான் மலிவான குமிழில் இடது வலது சமமாக இருக்காது.

இதோடு இரண்டு 4.7கே ரெசிஸ்டரையும் எடுத்துவிட்டு இரண்டு 9 வோல்ட் பேட்டரி போடுங்க. நடுமுனைதான் கிரவுண்ட், அதை எதுவும் நகர்த்தாது. என்இ5532க்கு டேட்டாஷீட் சொல்வதே ±5இல் இருந்துதான், ±4.5 அதற்குக் கீழே.

ஸ்விட்ச் மட்டும் கட்டாயம் இரண்டு துருவம் உள்ளது. ஒரு பேட்டரி மட்டும் துண்டிக்கப்பட்டால் அவுட்புட் முழுசாக ஒரு ரெயிலுக்குப் போய் ஹெட்போனில் டிசி பாயும். ஆன், ஆஃப் செய்யும்போது ஹெட்போன் வெளியில் இருக்கட்டும்.

ராகவன்
கலா சொன்னதோடு, எதைக் கட்டுவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 300 ஓமுக்கு வேண்டியது வோல்டேஜ். 1 வோல்ட் × 3.2 = 3.2 வோல்ட் (ஆர்எம்எஸ்), அதாவது அலையின் உச்சத்தில் 4.5 வோல்ட், 15 மில்லிஆம்பியர். ±9இல் தாராளமாக வரும், 34 மில்லிவாட். 32 ஓமுக்கு வேண்டியது கரன்ட். என்இ5532 சுமார் 38 மில்லிஆம்பியரில் முட்டிவிடும். 30 என்று வைத்தால் 14 மில்லிவாட். சாதாரண டைனமிக் ஹெட்போனுக்குப் போதும். பிளேனார் வகை ஹெட்போன் மாதிரி கரன்ட் கேட்பதற்குப் போதாது.

அங்கேதான் ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப் வருகிறது, 2011இல் வெளியான வடிவமைப்பு. முன்னால் என்ஜேஎம்2068 ஐசி, கடைசியில் என்ஜேஎம்4556ஏ ஐசி. ஒவ்வொன்றும் 70 மில்லிஆம்பியர் தரும் இரண்டு பகுதிகளை 1 ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைத்திருப்பார்கள். அவுட்புட் இம்பீடன்ஸ் அரை ஓம்தான். ஒரு பேட்டரி இறங்கினால் இரண்டையும் சேர்த்தே துண்டிக்கும் மாஸ்ஃபெட் காவலும் உண்டு. முதல் முறை கட்டுபவருக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

கவனிக்க: அதற்கு ஏசி கொடுக்கும் அடாப்டர்தான் வேண்டும், 12 முதல் 20 வோல்ட். சாதாரண டிசி அடாப்டர் செருகினால் ஒரு பக்க ரெயில் மட்டும்தான் வரும். அதில் உள்ள 7812, 7912 வோல்டேஜ் ரெகுலேட்டர் இரண்டுக்கும் கால் வரிசை வேறு. 7812இன் முதுகுத் தகடு கிரவுண்ட், 7912இல் அது மைனஸ் இன்புட். ஒரே ஹீட்சிங்கில் மைக்கா (மின்சாரம் கடத்தாத தகடு) இல்லாமல் திருகினால் ஷார்ட்.

மதன்
மூன்று மதிப்பும் மாற்றி, இரண்டு பேட்டரியும் போட்டாச்சு. டிசி −13, −12 மில்லிவோல்ட். ரெயில் அசையவில்லை. ஆனால் பாட்டு ஓடாதபோதே ஐசி சூடாகிறது.

கலா
4, 8 கால்களுக்கு நடுவே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் இருக்கிறதா? இல்லையென்றால் நம் காதுக்கு எட்டாத உயரத்தில் ஊசலாடிக்கொண்டிருக்கும். ஐசியை ஒட்டியே, கால் குட்டையாக வெட்டிப் போடுங்க. அவுட்புட்டில் 33 ஓம், அரை வாட் ரெசிஸ்டரை ஹெட்போனுக்குப் பதில் வைத்து, பத்து நிமிடம் கழித்து டிசியைத் திரும்ப அளங்க. அதே 12, 13 நின்றால் ஹெட்போனைச் செருகலாம்.