புதுப்பிப்பு: கர்வ் பால் போய் விழும் இடம்

போன பதிவில், பேஸ்பாலில் வலக்கையால் வீசும் பிள்ளைகளுக்குக் கர்வ் பால் (சுழன்று வளைந்து இறங்கும் பந்து) பிடியை மட்டும் சொல்லியிருந்தேன். "பந்து திரும்புது அண்ணாச்சி, ஆனா கேட்சர் கிளவுஸுக்குப் போகல" என்றவருக்கு இது (கேட்சர்னா பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்).

பிள்ளை கிளவுஸையே குறி பார்க்குது, அதான் தப்பு. வளையுறதுக்கு முன்னாடி பந்து கிளம்பும் கோட்டைத்தான் பார்க்கணும். பேட்டர் பக்கத்தில் தரையில் இருக்கும் பிளேட் 17 அங்குல அகலம். அதன் நடுவை நோக்கி விட்டால், வலக்கை பேட்டருக்கு வெளி ஓரத்தில் முடியும்.

20 அடியில் தொடங்குங்க. பந்தின் நடுவே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வளையமா ஒட்டி, வளையம் தரைக்குச் செங்குத்தா, வீசும் திசையைப் பார்த்து இருக்கப் பிடிக்கணும். பறக்கும்போது கோடு தெளிவா நின்னா சுழற்சி சரி. தள்ளாடினா, விடும்போது உள்ளங்கை உள்பக்கம், தன் தலையைப் பார்க்காம கவிழுது.

செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய்க் காத்து மேற்கிலிருந்து வரும். மேற்கு பார்த்து வீசினா அது எதிர்காத்து; எதிர்காத்தில் வளைவு கூடும். ஒரு பந்து அகலம் உள்ளே, அதாவது பேட்டர் பக்கமா, தள்ளி விடச் சொல்லுங்க.